பார்சலுக்கு வராத ரோஸ்ட்

எங்கள் டவுன்ஷிப்பில் ஒருவருக்கு வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டால் அவர் தன் செக்‌ஷனுக்கு டிபன் வாங்கித் தர வேண்டும். எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் செய்கிற வரைக்கும், ஆர்டர் கைக்கு வந்தபிறகும், அவரைப் பெர்மனென்ட் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மைன்ஸ்காரர்கள், பவர் ஹவுஸ்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோருக்கும் இதே வழக்கம்தான். வீட்டுக்குக் கூப்பிட்டு இட்லி போட்டால் செல்லாது. பஜார் ஓட்டலுக்கு அழைத்துப் போய், மேஜையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு நெய் ரோஸ்ட்டும் காபியும் சாப்பிட்டால்தான் கணக்கில் சேரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. அந்த ஓட்டல் வாசலில் மூன்று படி இருந்தது. எனக்கு நடக்க வராது.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் என் இரண்டு காலையும் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பதிலாக என்று சொல்ல முடியாவிட்டாலும், கைகளில் நல்ல பலம் வந்தது. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட ஒரு வீல் சேரை அப்பா வாங்கி வந்து, சைக்கிள் சக்கரம் மாட்டி, எனக்கென்று ஆக்கித் தந்திருந்தார். தார் ரோட்டில் அதை நானே தள்ளிக்கொண்டு வேலைக்குப் போவேன். எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குப் படி கிடையாது. கனமான பேட்டரிப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக வாசலைச் சரிவாகக் கட்டியிருந்தார்கள். பேட்டரிக்குக் கிடைத்த மரியாதையில் எனக்கும் வழி கிடைத்தது.

அந்த ஓட்டலுக்குக் கடலூரில் ஒரு கிளை, விழுப்புரத்தில் ஒரு கிளை, எங்கள் பஜாரில் ஒரு கிளை. எல்லாம் ஒரே அச்சு. பச்சை போர்டு, சலவைக்கல் மேஜை, வாசலில் மூன்று படி. படி ஒற்றைப்படையில் இருந்தால்தான் வியாபாரம் ஏறும் என்று முதலாளிக்கு யாரோ சொல்லியிருந்தார்களாம். எங்கே கிளை திறந்தாலும், தரை மேடோ பள்ளமோ, மூன்று படி வைத்துவிடுவார். சின்ன வயதில் கடலூர் டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் என்னை அந்தக் கிளைக்கு எதிரே மரத்தடியில் அம்மாவோடு விட்டுவிட்டு அப்பா மட்டும் உள்ளே போவார். இலையில் மடித்த இட்லியும் வடையும் வரும். எனக்கு அந்த ஓட்டலின் எல்லாப் பலகாரமும் தெரியும், ரோஸ்ட்டைத் தவிர. "ரோஸ்ட் பார்சல் கிடையாது" என்று போர்டிலேயே எழுதியிருப்பார்கள். கட்டினால் நமுத்துப் போய்விடும் என்பது அவர்கள் கவலை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தட்டுக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, பொன் நிறத்தில் போய்க்கொண்டிருக்கும்.

"தூக்கிட்டுப் போனா ஆச்சு, இதுக்கா முகத்தத் தூக்கி வெச்சிருக்க?" என்று கேட்டாள் என்னைப் போல ஆபரேட்டராக, எனக்குப் பக்கத்து சுவிட்ச் போர்டில் உட்காரும் தோழி. கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். வாய் ஓயாது, மனசு தங்கம். அவளுக்கு நான் வடலூர்க் கல்யாணத்தைச் சொன்னேன்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மண்டபம் உயரமான மேடையில் இருந்தது. என்னைக் கண்டதும் நாலைந்து ஆண்கள் ஓடிவந்தார்கள். "நீ பேசாம உக்காரு பாப்பா" என்று சொல்லி நாற்காலியோடு அலாக்காகத் தூக்கினார்கள். ஒருவர் கை என் அக்குளில், ஒருவர் கை எங்கே என்று சொல்ல எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. புடவை விலகியதைச் சரிசெய்யக்கூட முடியாமல் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏற்றிவிட்டு, ஏதோ சாமியைத் தூக்கிய மாதிரி கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. பந்தி முடிந்ததும் அவர்களில் ஒருவரையும் காணவில்லை. பஸ் பிடிக்கப் போனவர், சீட்டாடப் போனவர், தூங்கப் போனவர். அப்பாவுக்கு அன்று ஷிஃப்ட், அவர் வரவில்லை. அம்மா ஆள் தேடி அலைந்தாள். எனக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. யாரிடம் சொல்வது? சாயங்காலம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து வெளியே எங்கே போவதானாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். வேறு ஒருவர் கையால் ஏறவும் மாட்டேன். ஏற்றுகிற கை இறக்க வரும் என்று நம்புகிற தைரியம் எனக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு தூக்கிக்கொண்டு போகிற பேச்சைத் தோழி எடுக்கவில்லை.

செக்‌ஷனில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர். "உனக்கு எதுக்கும்மா சிரமம்? நம்ம எக்ஸ்சேஞ்ச் ரூமுக்கே வாங்கிட்டு வந்து சாப்பிட்டாப் போச்சு" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். எனக்குத்தான் சுருக்கென்றது. இதுவரை யாருக்கும் ரூமில் டிபன் வைத்ததில்லை. எனக்கு மட்டும் வைத்தால் ஆர்டரில் பெர்மனென்ட், மனிதர்கள் கண்ணில் பாவம். "வேணாங்க சார், ஓட்டல்லயே வெச்சுக்கலாம்" என்று வாய் சொல்லிவிட்டது.

வீட்டில் வந்து அப்பாவிடம் கொட்டினேன். அப்பா நெல்லிக்குப்பத்துக் கரும்புக் கொல்லையை விட்டு மைன்ஸுக்கு வந்தவர். கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். அடியில் வெட்டின கரி ரப்பர் பெல்ட்டில் ஏறி மேலே வருமே, அந்த பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போனார். மேனேஜர் படியில் இறங்கி வந்து பேசினார்.

"நம்ம பசங்க நாலு பேரு இருக்கானுங்க, தூக்கி வெச்சிடுவானுங்கம்மா."

"தூக்கக் கூடாதுங்க" என்றேன்.

"அப்டீன்னா பின்பக்கமா வாங்களேன். சமயக்கட்டுக்குக் கரி மூட்டை வண்டியில வரும், அதுக்குச் சரிவு போட்டிருக்குது."

போய்ப் பார்த்தோம். சரிவு இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மாவு சிந்திய வழுக்குத் தரை, கொதிக்கிற சாம்பார் அண்டா, நாற்காலி திரும்ப இடமில்லாத சந்து. அதைவிட, எனக்குக் கோபம் வந்தது. "கரி மூட்டை போற வழியில நான் போயி டிபன் குடுக்க மாட்டேன்" என்றேன். மேனேஜர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "முன்னாடி பலகை போட்டுக்கலாங்களா? ஆனதும் நானே எடுத்துகினு போயிடறன்" என்று கேட்டார். மேனேஜருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் என்று பேசி முடித்தோம்.

அப்பா பண்ருட்டிக்குப் போய் நல்ல பலாப்பலகையாக எடுத்து வந்தார். அதன்மேல் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வைத்து ஆணி அடித்தார். டவுன்ஷிப்பில் அந்த ரப்பர் துண்டு இல்லாத வீடு கிடையாது, வாசலில் கால் துடைக்க எல்லோரும் போட்டிருப்பார்கள். வேலை செய்யும்போது அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "படி உசரத்துக்குப் பலகை நீளம் எவ்ளோன்னு நம்ம பெல்ட்டு சாய்வுலயே புடிச்சிகினு வந்துட்டன் பாப்பா. அந்தச் சாய்வுல ஈரக் கரியே வழுக்காம மேல போவுது. உன் சக்கரம் வழுக்குமா?"

எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், அப்பாவோ அம்மாவோ தினமும் என் நாற்காலியைச் சாய்த்து ஏற்றிவிடுகிற ஒற்றைப் படியில் போட்டுப் பார்த்தோம். நானே ஜம்மென்று ஏறினேன். அம்மா கை தட்டினாள். ஒற்றைப் படியில் அந்தப் பலகை ஏறக்குறையப் படுத்துக்கிடந்தது என்பதும், மூன்று படியில் அதுவே நிமிர்ந்து நிற்கும் என்பதும் எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெல்ட் சாய்வு என்றால் எங்கள் ஊரில் அது சாமி வாக்கு.

சனிக்கிழமை வந்தது. காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஜெனரல் ஷிஃப்ட் சங்கு ஊதியதும் பஜாரில் சைக்கிள் கூட்டம் நெரிந்தது. செக்‌ஷன் ஆட்கள் எனக்கு முன்னால் போய் மேஜை பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். தோழி மட்டும் வாசலில் நின்றாள். அப்பா பலகையைப் போட்டு, காலால் மிதித்து, ஆடவில்லை என்று பார்த்துவிட்டு ஒதுங்கினார். வீட்டிலேயே நான் கண்டிஷன் போட்டிருந்தேன், யாரும் என்னைத் தொடக் கூடாது, நீங்களும்தான் என்று.

பலகையைப் பார்த்தேன். வீட்டில் பார்த்த பலகை மாதிரியே இல்லை. சுவரில் சாய்த்து வைத்த ஏணியாகத் தெரிந்தது. ஆனாலும் இத்தனை பேர் பார்க்கும்போது திரும்பிப் போக முடியுமா? வேகமாகத் தள்ளி ஏறினேன். முதல் தள்ளில் கொஞ்சம், அடுத்த தள்ளில் இன்னும் கொஞ்சம். பாதியில் கை நின்றுவிட்டது.

சக்கரம் வழுக்கவில்லை. அப்பா சொன்னது அந்த மட்டுக்கும் சரி. ஆனால் என் உடம்பையும் இரும்பு நாற்காலியையும் அந்த மேட்டில் இழுக்க என் கைக்குச் சத்து இல்லை. முன்சக்கரம் இரண்டும் பலகையை விட்டு மெல்ல மேலே எழும்பின. ஓட்டலின் பச்சை போர்டு போய் வானம் தெரிந்தது. மல்லாந்து விழப்போகிறேன் என்று நினைத்தேன். மண்டை உடைவதைக்கூட நினைக்கவில்லை, விழும்போது புடவை விலகுமே என்றுதான் நினைத்தேன். முன்னால் குனிந்து, சக்கரத்தை இறுகப் பிடித்தேன். சைக்கிள்காரர்கள் நின்றார்கள். உள்ளேயிருந்து நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டது. "பிடிங்க, பிடிங்க" என்று யாரோ ஓடிவந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க!"

கத்தியது அப்பா. எனக்கு இரண்டு பக்கமும் கையை அகட்டி வைத்துக்கொண்டு, கூட்டத்தை மறித்தபடி நின்றார். கை என்மேல் படவில்லை. தன் செருப்புக் காலைச் சக்கரத்துக்குப் பின்னால் கட்டையாகக் கொடுத்திருந்தார். என் கனம் முழுவதும் அந்தக் காலில்தான் இருந்தது.

"கை வலிக்குதுப்பா" என்றேன். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் சொன்னேன்.

"வுட்டுட்டு எறங்கு. மெதுவா. நான் காலை வெச்சிகினு இருக்கறன்."

அங்குலம் அங்குலமாக இறங்கினேன். தரைக்கு வந்ததும் அழுகை முட்டியது. கூட்டத்தில் ஒரு பெரியவர், பாவம் என்று நினைத்துத்தான், "அந்தப் பொண்ணால எப்படிங்க முடியும்? காலு இல்லாத புள்ளைய ஏங்க இப்டி?" என்று கேட்டார்.

அப்பா அவர் பக்கம் திரும்பினார். அப்பா ஊரில் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசாதவர். "எம்பொண்ணு மேல தப்பு இல்லீங்க. சாய்வு தப்பு. நான்தான் பெல்ட்டு கணக்குல போட்டுட்டன். பெல்ட்டுக்கு மோட்டார் இருக்குது. கைக்கு ஏதுங்க மோட்டாரு?"

அதுவரை எனக்கு நடந்ததெல்லாம் என் காலால் நடந்தது. பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்பு கிடைக்காதது என் காலால். வடலூரில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தது என் காலால். டாக்டர், வாத்தியார், சொந்தக்காரர், ஏன், நானே கூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று பஜார் நடுவில் ஒரு மனிதர், தப்பு பலகையில் இருக்கிறது என்று சொன்னார். பலகை என்றால் மாற்றிப் போடலாம். காலை எப்படி மாற்றுவது? அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆனால் உள்ளே ரோஸ்ட் கல்லில் ஊற்றியாகிவிட்டது. சூப்பர்வைசர் படியில் இறங்கி வந்து கையைப் பிசைந்தார். "சாரி சார், நீங்க எல்லாரும் சாப்பிடுங்க. ஆனா இது என் டிபன் இல்ல. என் டிபன் இன்னொரு நாளைக்கு, இதே ஓட்டல்ல" என்றேன். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் ஒரு ரோஸ்ட்டை நாலாக மடித்து, இலையில் வைத்து அனுப்பினார். நல்ல எண்ணம்தான். எனக்கு ஆத்திரம் வந்தது.

"ரோஸ்ட் பார்சல் கிடையாதுன்னு உங்க போர்டுலயே இருக்குதே" என்று திருப்பி அனுப்பினேன். தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் அன்று சாப்பிடவில்லை.

அப்பாவின் கால் வீங்கிவிட்டது. வீங்கிய காலோடு லீவு நாட்களில் என்னைக் கூட்டிக்கொண்டு டவுன்ஷிப் முழுவதும் மேடு தேடினார். வாய்க்கால் பாலத்தின் ஏற்றம், பள்ளிக்கூட வாசல், சைக்கிள் ஸ்டாண்ட் சரிவு. எல்லாவற்றிலும் என்னை ஏறச் சொல்வார். மூச்சு வாங்கினால் வேண்டாம் என்பார். கடைசியில் பாலத்து ஏற்றத்தில் நான் பேசிக்கொண்டே ஏறிவிட்டேன். அங்கே கயிறு பிடித்து அளந்துகொண்டார். அந்தக் கணக்கில் பலகை போட்டால் பழைய பலகையோடு இன்னும் பல பலகை சேர்க்க வேண்டியிருந்தது. நடுவில் முட்டுக் கொடுத்து அவர் போட்டு முடித்தபோது அது ஓட்டல் வாசலைத் தாண்டி, சைக்கிள் நிறுத்துகிற இடத்தையும் தாண்டி நீண்டது. மேனேஜர், "இன்னாங்க இது, ரயில்வே பிளாட்பாரம் மாதிரி" என்றார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

மறுபடி டிபன் வைத்த சனிக்கிழமையிலும் பயம் குறையவில்லை, கூடத்தான் செய்தது. இந்தத் தடவையும் நின்றுவிட்டால் அப்புறம் ரூம் டிபன்தான், பாவப்பட்ட டிபன்தான். அன்றும் தண்ணீர் குடிக்கவில்லை. பலகையில் ஏறினேன். முன்சக்கரம் எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே தள்ளினேன். எழும்பவில்லை. பாதி தாண்டியது. தோழி பக்கத்தில் படியில் ஏறிக்கொண்டே, "என்னடி, பேசிகினே ஏறுவேன்னியே, பேசு" என்றாள். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. மேலே போய்விட்டேன்.

போனால் கதவு இடிக்கிறது. இரட்டைக் கதவில் ஒன்றைத் தாழ் போட்டு வைத்திருந்தார்கள், தாழ் துருப்பிடித்திருந்தது. ஒரு சர்வர் இலை வெட்டும் கத்தியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டித் திறந்தார். அதுவரை சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போனேன். மேஜை முனையில் இடம் விட்டிருந்தார்கள். நாற்காலிக் கைப்பிடி சலவைக்கல்லில் இடித்ததால் ஒருக்களித்துத்தான் உட்கார முடிந்தது. சூப்பர்வைசர் எழுந்து நின்று, "இப்பதாம்மா நீ பெர்மனென்ட்" என்றார்.

சர்வர் எல்லோருக்கும் முன்னால் தண்ணீர் டம்ளரை வைத்தார். எனக்கும் வைத்தார். பழக்கத்தில் கை தானாக அதைத் தள்ளி வைத்தது. ரோஸ்ட் வந்தது. தட்டுக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. விண்டால் சத்தம் கேட்டது. முதல் துண்டை வாயில் போட்டபோது, தின்கிற ஆசையை முந்திக்கொண்டு பழைய பயம் வந்துவிட்டது. பலகையை யாராவது நகர்த்தியிருந்தால்? சைக்கிளை அதன்மேல் சாய்த்திருந்தால்? இறங்க வழியில்லாமல் இங்கேயே மாட்டிக்கொண்டால்? வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

பலகையின் கீழ் முனையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அப்பா உட்கார்ந்திருந்தார்.

தோழியை அனுப்பி உள்ளே கூப்பிட்டேன். திரும்பி வந்து சொன்னாள்: "வரமாட்டாராம். 'பலகைய எவனாவது நகத்திட்டா எம்பொண்ணு எப்டி எறங்கும், நீ போயி துன்னு'ன்னு சொல்றாரு."

வடலூரில் நடந்ததை அம்மா அவரிடம் சொல்லியிருப்பாள். என்னிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தோழி ஒரு ரோஸ்ட்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். மேனேஜர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அப்பா இருந்த இடத்தைவிட்டு எழாமல், தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

நான் தள்ளி வைத்த டம்ளரை எடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தேன். சர்வர் மறுபடியும் நிரப்பினார். அதையும் குடித்தேன்.